தீயின் நிறமும் ஏட்டின் நிறமும்

(இத்தாலி, பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில் இடம்பெற்ற பெற்றோர் - இளையோர் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சித்திர நாவல். பிள்ளைகள் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுப்பதே அரிதாகிவிட்ட நாளில் படக்கதைக்கு ஓர் உரை தேவையா என்ற ஐயம் பெற்றோர் சிலருக்கு எழக்கூடும். அந்த ஐயம் நியாயமானதே. அதற்கு என்னிடம் ஒரேயொரு விடைதான் உண்டு. இந்தச் சித்திர நாவல் புத்தகங்கள் எரிக்கப்படுவதைப் பற்றியது. புத்தகங்கள் எரிந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு. அதை எந்த நிறத்தில் சொல்கிறோம் என்பதை நாம் இதுவரை ஆழ்ந்து எண்ணிப் பார்க்கவில்லை என்பது எனது கருத்து.

நிறத்தையும் படிமத்தையும் பற்றிப் பேசுவதற்கு இந்த இடம் பொருத்தமானது. 1165ஆம் ஆண்டளவில் நோர்மன் மன்னன் முதலாம் வில்லியம் கட்டத் தொடங்கிய சீசாக் கோட்டை நமக்கு அண்மையில் நிற்கிறது. பேரழகு வாய்ந்தது என்னும் பொருள் தரும் அரபுச் சொல்லே மருவிச் சீசா ஆயிற்று. அதன் நீரூற்று மண்டபத்து வாயில் வளைவில் தீட்டப்பட்டிருக்கும் உருவங்களை இந்நகர மக்கள் சீசாவின் பேய்கள் என்று அழைப்பர். அவற்றை எண்ணுகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எண்ணிக்கை சொல்வார்கள் என்பது ஊர்ப் பேச்சு. இங்கு வளரும் பிள்ளைகள் பலர் பள்ளிச் சுற்றுலாவில் அதை எண்ணிப் பார்த்திருப்பீர்கள். ஒரு படத்தைப் பார்ப்பது என்பது அவ்வளவு எளிய செயலன்று என்பதற்கு அந்தப் பேய்களே சாட்சி.

இனி நாவலுக்கு வருகிறேன். அமெரிக்க எழுத்தாளர் றே பிராட்பரி எழுதிய ‘பாரன்ஹைட் 451’ 1953இல் வெளியானது. கடதாசி தீப்பற்றும் வெப்பநிலை என்று அவர் கொண்ட அளவே அதன் பெயர். நமது கணக்கில் ஏறக்குறைய 233 பாகை செல்சியஸ். வரக்கூடாத ஓர் எதிர்காலத்தை வரைந்து காட்டி, இப்படி ஆகிவிடாதீர்கள் என்று எச்சரிக்கும் நாவல் வகையைச் சேர்ந்தது அது. அந்த நாட்டில் தீயணைப்புப் படையினர் தீயை அணைப்பதில்லை. புத்தகம் வைத்திருப்போரின் வீட்டுக்கு மண்ணெண்ணெயுடன் வந்து தீ வைப்பதே அவர்களது தொழில். வீட்டுச் சுவர்கள் பெருந்திரைகளாக மாறி இரவும் பகலும் பேசிக்கொண்டிருக்கின்றன. காதுக்குள் சிறு ஒலிக்கருவிகள் ஓயாது ஒலிக்கின்றன. 1953இல் இவை கற்பனை. இன்று இந்த மண்டபத்திலேயே சில பிள்ளைகளின் காதில் அவை இருக்கின்றன. நான் பெயர் சொல்லப் போவதில்லை.

கதைத் தலைவன் மொன்ராக் அத்தகைய தீவைக்கும் படைவீரன். அயல்வீட்டுப் பெண் கிளரிஸ் ஒருநாள் அவனிடம், நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்கிறாள். அந்த ஒரு கேள்வியில் அவனது வாழ்வு குலையத் தொடங்குகிறது. எரிக்கச் சென்ற வீட்டிலிருந்து ஒரு நூலைத் திருடிவருகிறான். இறுதியில் வேட்டையாடப்பட்டு ஊரைவிட்டு ஓடி, ஆற்றைக் கடந்து, ஆளுக்கொரு நூலை மனத்தில் சுமந்து திரியும் மனிதர்களிடம் போய்ச் சேர்கிறான். மீதியை நீங்களே வாசித்து அறிய வேண்டும்.

இந்நாவலின் முதல் வடிவத்தைப் பிராட்பரி லொஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக நூலகத்தின் நிலக்கீழ் அறையில், அரை மணித்தியாலத்துக்குப் பத்துச் சதம் போட்டால் இயங்கும் தட்டச்சு இயந்திரத்தில் எழுதினார். மொத்தச் செலவு 9 டொலர் 80 சதம் என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். நூலகம் எரிவதைப் பற்றிய கதை நூலகத்தின் அடியிலேயே பிறந்தது.

2009இல் ரிம் ஹமில்ரன் என்னும் ஓவியர் பிராட்பரியின் ஒப்புதலுடன் இதைச் சித்திர நாவலாக வரைந்தார். நியூயோர்க்கின் ஹில் அன்ட் வாங் பதிப்பகம் அதை வெளியிட்டது. இதில் ஒரு முரண் உண்டு. மூல நாவலில் தீவைக்கும் படையின் தலைவன் பீற்றி நீண்டதொரு விளக்கம் தருகிறான். பெருநூல்கள் சுருக்கப்பட்டன, சுருக்கங்கள் மேலும் சுருக்கப்பட்டன, ஈற்றில் மக்களுக்குப் படக்கதைகளே விடப்பட்டன என்பது அதன் சாரம். அதாவது, எரிப்பவர்கள் அனுமதித்த ஒன்று படக்கதை. அந்த நூலே பின்னாளில் சுருங்கிப் படக்கதையாகிவிட்டது! இதைப் பலர் எள்ளி நகையாடினர். பிராட்பரி நகையாடவில்லை. ஒன்பது வயதில் அவர் ‘பக் ரோஜர்ஸ்’ படக்கதைகளைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சேர்த்துவந்தார். நண்பர்கள் கேலி செய்தமையால் அவற்றைக் கிழித்தெறிந்து, பின்னர் மனம் வருந்தி மறுபடியும் சேர்க்கத் தொடங்கினார். அந்த நண்பர்கள் உண்மையான நண்பர்களல்லர் என்று பிற்காலத்தில் எழுதினார். 1970களில் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வாசித்த அப்பாமார் சிலர் இங்கும் இருக்கக்கூடும். இரும்புக்கை மாயாவி அவர்களைக் கெடுத்துவிடவில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்தான்.

இனி நிறத்துக்கு வருகிறேன்.

ஹமில்ரனின் பக்கங்களைப் புரட்டும்போது முதலில் உணரப்படுவது மங்கலே. தெரு, வீடு, படுக்கையறை, தொடருந்து ஆகியவை நீலமும் பச்சையும் கபிலமும் கலந்து அழுக்கேறிய நிறங்களில் வருகின்றன. முகங்களின் பாதி நிழலில் மூழ்கிக் கிடக்கின்றன. சில இடங்களில் கண்ணும் மூக்கும் வெறும் கருந்திட்டுக்கள் மட்டுமே. இந்த மங்கலின் நடுவே தீ வருகிறது. அப்போது பக்கம் முழுவதும் செம்மஞ்சளும் மஞ்சளும் சிவப்புமாகக் கொதிக்கிறது.

ஓவியம் பயிலும் இளையோருக்கு இதன் நுட்பம் விளங்கும். நிறச் சக்கரத்தில் நீலத்துக்கு எதிரே நிற்பது செம்மஞ்சள். எதிரெதிர் நிறங்களை அருகருகே வைத்தால் ஒன்று மற்றொன்றை உயர்த்திக் காட்டும். சிசிலியின் தோடம்பழத்தை வெள்ளைத் தட்டிலும் நீலத் தட்டிலும் மாறிமாறி வைத்துப் பாருங்கள். நீலத் தட்டில் அது எரிவதுபோல் தோன்றும். ஹமில்ரன் பக்கமெங்கும் நீலப்பச்சை மங்கலைப் பரப்பி வைத்திருப்பது, தீ வரும்போது அதை எரியச் செய்வதற்காகவே. மூலநாவல் எரிப்பதிலுள்ள இன்பத்தோடு தொடங்குகிறது. மொன்ராக் அதை வெறுக்கவில்லை, இரசிக்கிறான். அந்த இரசனையைச் சொற்களில் அறிவது ஒன்று, நமது கண்ணே அதை இரசித்துவிடுவது வேறொன்று. சித்திர நாவலில் நாம் தீயை அழகென்று கண்டுவிடுகிறோம். கண்டபின்தான் அங்கு எரிவது என்னவென்று பார்க்கிறோம். அந்த நொடியில் வாசகனும் மொன்ராக்கின் பக்கத்தில் நிற்கிறான். இந்த நூலின் மிகச் சிறந்த சாதனையாக நான் கருதுவது இதைத்தான்.

அதன் ஆபத்தும் இதுவே. நூல் முழுவதிலும் மிக அழகிய நிறம் தீக்குத் தரப்பட்டுவிட்டது. புத்தகங்களுக்கு அத்தகைய நிறம் எதுவும் இல்லை. அவை தீக்குள் விழும் சாம்பல் நிறத் தாள்கள் மட்டுமே. நூலை மூடிய பின் மனக்கண்ணில் நிற்பது தீயே தவிர ஒரு நூலின் அட்டையன்று. வேறு குறைகளும் உண்டு. பீற்றியின் விளக்கம் பேச்சுக் குமிழ்களாகப் பக்கம் பக்கமாக நீள்கையில் படம் ஒதுங்கி நின்று காத்திருக்கிறது. பிராட்பரியின் உவமைகள் பலவும் உதிர்ந்துவிட்டன. இருப்பினும் என்னைப் பெரிதும் உறுத்துவது முன்னர் சொன்ன குறையே. அது ஏன் உறுத்துகிறது என்பதைச் சற்றுப் பின்னர் கூறுகிறேன்.

மூலநாவலில் தீயல்லாத மஞ்சளும் ஒன்று உண்டு. கிளரிஸ் ஒரு மஞ்சள் காட்டுப்பூவை மொன்ராக்கின் தாடையின் கீழ் தேய்க்கிறாள். மஞ்சள் ஒட்டினால் அவன் யாரையோ நேசிக்கிறான் என்பது குழந்தை விளையாட்டு நம்பிக்கை. அவன் தாடையில் நிறம் ஒட்டவில்லை. நாள்தோறும் தீயின் மஞ்சளில் குளிப்பவனுக்கு ஒரு பூவின் மஞ்சள் ஒட்டவில்லை. பிராட்பரி இதை விளக்காமல் கடந்துபோகிறார். நானும் கடந்துபோகிறேன்.

இன்னுமோர் ஒளியும் உண்டு. கிளரிஸின் முகத்தைப் பார்க்கும்போது மொன்ராக்குக்குச் சிறுவயது இரவொன்று நினைவில் எழுகிறது. மின்சாரம் நின்றுபோன அவ்விரவில் அவனுடைய தாய் ஒரு மெழுகுதிரியை ஏற்றினாள். தாயும் மகனும் மட்டும் அந்தச் சிறு ஒளியில் இருந்தார்கள். மின்சாரம் திரும்பி வந்துவிடக் கூடாதே என்று இருவரும் விரும்பினார்கள். இவ்விடத்தை வாசிக்கும் யாழ்ப்பாணத்தவர் எவரும் அடுத்த வரிக்கு உடனே போய்விட முடியாது. 1990 தொடக்கம் பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பொன்னைவிட அரிதாயிற்று. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெயை விட்டு, திரி போட்டு, காற்றில் அணையாத விளக்கொன்றை நமது மக்கள் செய்துகொண்டார்கள். அந்த விளக்கைச் சுற்றி நாலு பிள்ளைகள் இருந்து படித்தார்கள். அவ்வாறு படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இன்று இந்த மண்டபத்தில் தாயாகவும் தந்தையாகவும் அமர்ந்திருக்கிறீர்கள்.

மொன்ராக்கின் உடலிலிருந்து மண்ணெண்ணெய் நாற்றம் போவதேயில்லை. அது தனக்கு நறுமணம் என்கிறான். புத்தகத்தை எரித்ததும் மண்ணெண்ணெய், புத்தகத்தை வாசிக்க வைத்ததும் மண்ணெண்ணெய். பிராட்பரிக்குக் கிட்டாத படிமம் இது. நமக்குக் கிட்டியிருக்கிறது. அதை இன்றுவரை நாம் ஒரு படமாக வரைந்து பிள்ளைகளின் கையில் கொடுக்கவில்லை.

பிள்ளைகளுக்காக 1981ஐப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தின் தொடக்கம் மிகச் சிறியது. 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தமது வீட்டில் நூல்களைச் சேர்த்து அயலவர்க்கு வாசிக்கக் கொடுத்தார். அது வளர்ந்து, மக்களின் நன்கொடைகளாலும் பலரது உழைப்பாலும் பெருங்கட்டடம் ஆயிற்று. சென்னையின் கட்டடக் கலைஞர் நரசிம்மன் அதை வடிவமைத்தார். இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். 1959இல் திறக்கப்பட்டது. 1967இல் சிறுவர் பகுதி ஒன்றும் சேர்ந்தது. வெண்ணிறச் சுவர்களும் குவிமாடமும் முன்றலில் கலைமகள் சிலையுமாக அது நின்றது.

1981 ஆனி மாதம் 4ஆம் நாள் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடைபெறவிருந்தது. அதற்குச் சில நாட்கள் முன்னர், வைகாசி 31ஆம் நாள் தேர்தற் கூட்டமொன்றில் பொலிஸார் சுடப்பட்டதைத் தொடர்ந்து, தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்டிருந்த பொலிஸாரும் அவர்களுடன் சேர்ந்தோரும் நகரெங்கும் தீ வைத்தனர். ‘ஈழநாடு’ பத்திரிகைப் பணிமனை எரிந்தது. புத்தகசாலை எரிந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் இல்லம் எரிந்தது. நூலகமும் எரிந்தது, ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஓலைச் சுவடிகளும் அழிந்தன. தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் உயிர் நீத்தார். நாவலில் ஒரு மூதாட்டி தனது நூல்களைப் பிரிய மறுத்து, தானே தீக்குச்சியைக் கிழித்து அவற்றோடு எரிந்துபோகிறாள். அது 1953இன் கற்பனை. தாவீது அடிகளின் மரணம் நமது வரலாறு.

நான் முன்னர் குறிப்பிட்ட உறுத்தல் இங்கேதான் எழுகிறது. ஆண்டுதோறும் வைகாசி இறுதியில் நாம் வெளியிடும் சுவரொட்டிகளையும் இணையத்தளப் படங்களையும் நினைத்துப் பாருங்கள். நூலகக் கட்டடத்தின் கருநிழலுருவம். அதன் பின்னே வானளாவும் செந்தீ. கீழே கறுப்புப் பட்டையில் ஆண்டும் எண்ணிக்கையும். கறுப்பு, சிவப்பு ஆகிய சொற்கள் சினத்தையும் உணர்த்தும் என்று தொல்காப்பியர் உரியியலில் கூறியிருக்கிறார். அவ்விலக்கணத்தை அறிந்தோ அறியாமலோ நமது சுவரொட்டிகள் அப்படியே பின்பற்றிவருகின்றன. சினம் தவறென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இங்கே பிறந்த பதினான்கு வயதுப் பிள்ளையின் மனத்தில் அந்தப் படம் எதை விட்டுச்செல்கிறது? தீயை விட்டுச்செல்கிறது. நூலகத்தை அப்பிள்ளை ஒருபோதும் பார்க்கவில்லை. அது எரிவதை மட்டும் ஆண்டுதோறும் பார்க்கிறது. மிக அழகிய நிறத்தை நாமும் எரித்தவர்களுக்கே கொடுத்துவிட்டோம்.

இதற்கு மாறான முயற்சிகள் இல்லாமலில்லை. எம். ஏ. நுஃமான் அக்காலத்தில் எழுதிய ‘புத்தரின் படுகொலை’ என்ற கவிதை தீயைப் பெரிதாக்காமல் வேறொரு படிமத்தைக் கொண்டு அதே நிகழ்வைச் சொல்லிற்று. சோமீதரன் 2008இல் ‘எரியும் நினைவுகள்’ என்ற ஆவணப்படத்தில் அந்நூலகத்தோடு வாழ்ந்தவர்களைப் பேசவைத்தார். இவ்விரண்டையும் பிள்ளைகளோடு சேர்ந்திருந்து வாசியுங்கள், பாருங்கள்.

பிரெஞ்சு இயக்குநர் துரூபோ 1966இல் இந்நாவலைத் திரைப்படமாக்கினார். அது அவருடைய முதலாவது வண்ணப்படம். எழுத்து தடைசெய்யப்பட்ட நாடல்லவா? ஆகவே தொடக்கத்தில் நடிகர், கலைஞர் பெயர்களைக்கூட எழுத்தில் காட்டாமல் குரலில் வாசிக்க வைத்தார். எழுத்து இல்லாமையைக் காட்டுவதற்கு இதைவிடச் சிக்கனமான வழியை நான் கண்டதில்லை.

கற்பனையான கேட்டுக்கு வண்ணம் தீட்டும் ஓவியர்கள், உண்மையில் நிகழ்ந்த கேட்டை வரையும்போது பெரும்பாலும் வண்ணத்தைத் துறந்துவிடுகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. யூதர்களின் பேரழிவைச் சொல்லும் ஸ்பீகல்மனின் ‘மவுஸ்’ கறுப்பு வெள்ளை. ஈரானிய இளமையைச் சொல்லும் சத்ரபியின் ‘பெர்செபோலிஸ்’ கறுப்பு வெள்ளை. நமது மக்களின் கதையைச் சொல்லும் ‘வன்னி’ என்ற சித்திர நாவலும் அப்படியே. பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்ட்சி பொலொக் வரைந்த அந்நூல் 2019இல் வெளிவந்தது. குண்டுவீச்சும் குருதியும் நிறைந்த பக்கங்களிலும் அதில் சிவப்பு இல்லை. இதே சீசாவின் பழைய தளபாடத் தொழிற்சாலை வளாகத்தில் 2017இல் ஒளிப்பட மையம் ஒன்றை நிறுவியவர் லெற்றீசியா பத்தாலியா. மாபியாக் கொலைகளைப் பல்லாண்டுகள் படமெடுத்த அவரும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். 2022இல் மறைந்த அப்பெருமாட்டியின் படங்களைக் காணும்போது குருதி நமது கண்ணைக் கவர்வதில்லை. இறந்தவரின் அருகே நிற்பவரின் முகமே கவர்கிறது. வண்ணம் இல்லாதபோது பார்வை வேறிடத்துக்குப் போகிறது. அதற்காக எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள் என்று இளையோருக்கு நான் சொல்லவில்லை. எந்த நிறத்தை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதை வரைகிறவர் முடிவு செய்துகொண்டு வரைய வேண்டும் என்கிறேன்.

இந்நகரிலேயே இதற்கு இன்னுமோர் எடுத்துக்காட்டு உண்டு. ஸ்தேரி மாளிகையில் சமய விசாரணை மன்றத்தின் சிறைகள் இருந்தன. அங்கே அடைக்கப்பட்டவர்கள் செங்கல்லைத் தூளாக்கியும் புகைக்கரியைக் கொண்டும் சுவர்களில் படங்களும் எழுத்துக்களும் வரைந்தார்கள். புனிதர்கள், கப்பல்கள், சிசிலித் தீவின் வரைபடம், பாடல்கள் என்று அவை நிறைந்திருக்கின்றன. பின்னாளில் பூசப்பட்ட சாந்துக்கு அடியில் மறைந்திருந்த அவற்றை 1906இல் நாட்டாரியல் அறிஞர் ஜுசேப்பே பித்ரே வெளிக்கொணர்ந்தார். அம்மன்றம் 1782இல் ஒழிக்கப்பட்ட பின்னர், 1783 ஆனி மாதத்தில் அதன் ஆவணங்கள் அனைத்தையும் எரிக்கும்படி அரசப் பிரதிநிதி கரச்சோலோ ஆணையிட்டார். எரிந்தவை கொடுமையின் ஏடுகள், மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அத்துடன் துன்புற்றவர்களின் வழக்குகளும் வாக்குமூலங்களும் எரிந்துபோயின. நல்ல நோக்கத்தோடு மூட்டிய தீயும் ஏட்டைத் தின்றுவிட்டது. எஞ்சியது கைதியின் செங்கற்தூள் ஓவியம். இதுவரை அங்கே போகாத குடும்பங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கென ஒதுக்கலாம். ஆடி மாதத்தில் சாந்தா ரொசாலியா அன்னையின் பெல்லெகிரீனோ மலைக்குச் சைவர், கத்தோலிக்கர் என்ற வேறுபாடின்றிக் குடும்பமாக ஏறுகிறோம். ஸ்தேரிக்கு அவ்வளவு ஏற்றம் இல்லை.

பீனிக்ஸ் பறவையைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். தீவைக்கும் படையினரின் சீருடையில் பீனிக்ஸ் சின்னம் இருக்கிறது. நாவலின் இறுதியில் அதே பறவையை மனித குலத்துக்கு ஒப்பிட்டுப் பேசுகிறார் ஒரு முதியவர். இந்நாவல் 1956இல் இத்தாலியில் நூலாக வந்தபோது ‘பீனிக்ஸின் ஆண்டுகள்’ என்றே பெயர் பெற்றது. யாழ். நூலகத்தையும் சாம்பலிலிருந்து எழுந்த பீனிக்ஸ் என்று நாம் பலமுறை எழுதிவிட்டோம். எனக்கு இந்த உவமையில் உடன்பாடில்லை. பறவை எழுந்தால் பழைய சிறகு முழுவதும் திரும்பி வந்துவிடும். சுவடி அப்படித் திரும்பி வராது. எரிந்த கட்டடத்தை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டுவிட வேண்டுமா, புதுப்பிக்க வேண்டுமா என்ற விவாதம் 1990களில் எழுந்தது. முடிவில் அது புதுப்பிக்கப்பட்டு, 2000களின் தொடக்கத்தில் வாசகர்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று அங்கே போகும் பிள்ளை தூய வெண்ணிறத்தையே காண்கிறது. புகை படிந்த சுவரைக் காணவில்லை. அந்த வெள்ளை வாசிப்பவர்களுக்குத் தேவையானது. மாணவர்கள் கரிச்சுவருக்குள் இருந்து படிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு மனமில்லை. ஆயினும் அந்த வெள்ளைக்குள் 1981 எங்கே இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டால், விடை கட்டடத்தில் இல்லை. கேட்கப்படும் பெரியவரிடம்தான் உண்டு.

நாவலின் இறுதியில் மொன்ராக் காட்டில் ஒரு தீயைக் காண்கிறான். அந்தத் தீ எரிப்பதற்காக மூட்டப்பட்டதன்று. அதைச் சுற்றி மனிதர்கள் குளிர்காய்கிறார்கள். எரிப்பதற்கே தீ என்று பழகியவனுக்கு, தீ எதையேனும் கொடுக்கவும் கூடும் என்பது புதுமையாக இருக்கிறது. அங்கிருப்போர் ஒவ்வொருவரும் ஒரு நூலை மனனம் செய்து வைத்திருக்கிறார்கள். மனனம் செய்வது நமக்குப் புதிதன்று. ஓலைச்சுவடிக் காலத்தில் ஆசான் சொல்ல மாணாக்கன் நெஞ்சில் ஏற்றிக்கொண்டதே கல்வி. தமிழ்ப்பள்ளியில் குறள் மனனப் போட்டி என்றதும் முகம் சுளிக்கும் இளையோர், அந்தக் காட்டு மனிதர்களை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

மனனம் மட்டும் போதாது என்பதையும் நமது மக்கள் உணர்ந்தார்கள். 1998 தைப்பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலாளர் கு. கல்யாணசுந்தரத்தின் முன்னெடுப்பில் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் தட்டச்சு உழைப்பால் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் மின்வருடிச் சேர்த்துவருகிறது. இன்று அதில் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. உங்கள் ஊர்ப் பாடசாலை மலரோ உங்கள் அம்மம்மா வாசித்த சஞ்சிகையோ அங்கே கிடைக்கக்கூடும். இன்றிரவே பிள்ளைகளோடு சேர்ந்து தேடிப் பாருங்கள்.

ஹமில்ரனின் நூலுக்குப் பிராட்பரி ஒரு முன்னுரை எழுதியிருக்கிறார். அதன் ஈற்றில் வாசகரிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறார்: எரிப்பவர்களிடமிருந்து காப்பாற்றவென நீங்கள் மனத்தில் சுமக்க விரும்பும் ஒரே நூல் எது, அதை ஏன் தெரிவீர்கள் என்று எண்ணிப் பாருங்கள் என்கிறார். அந்த வினாவை இன்று உங்கள் முன் வைக்கிறேன். பிள்ளைகள் இத்தாலிய நூலொன்றைச் சொன்னாலும் தவறில்லை. பெற்றோர் தடுக்க வேண்டாம். காரணத்தை மட்டும் கேளுங்கள்.

பின்பக்க மேசையில் வெள்ளைத் தாள்களும் வண்ணப் பென்சில்களும் வைக்கப்பட்டுள்ளன. சிவப்பையும் செம்மஞ்சளையும் நான் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். இளையோர் ஒவ்வொருவரும் தாயிடமோ தந்தையிடமோ சென்று, ஊரில் அவர்கள் வாசித்த ஓரிடத்தைக் கேட்டு அறிந்து வரைய வேண்டும். அது பொதுசன நூலகமாகவும் இருக்கலாம், சனசமூக நிலைய வாசிகசாலையாகவும் இருக்கலாம், ஜாம் போத்தல் விளக்கு வைத்த திண்ணையாகவும் இருக்கலாம். கதிரை என்ன நிறம், சுவர் என்ன நிறம், பத்திரிகை எந்த மூலையில் கிடந்தது என்று துருவித் துருவிக் கேளுங்கள். பெற்றோர்களே, மறந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளாதீர்கள். தேநீர் அரை மணித்தியாலத்தில் வரும்; அதுவரைக்கும் நேரம் இருக்கிறது.